72 மணி நேரத்தை வீணாக்கும் தவறுகள்

"மூணு நாளா பப்பாளியும் எள்ளுருண்டையுமா சாப்பிட்டேன்கா." பதினெட்டு வயது, கல்லூரி முதலாண்டு. ஆணுறை கிழிந்த அன்றைக்கே தோழியிடம் சொல்லியிருக்கிறாள். தோழிக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். என்னிடம் வந்து சேர்ந்தபோது நான்காம் நாள் மாலை.

பப்பாளியும் எள்ளும் கருவைத் தடுக்காது. அவசரகாலக் கருத்தடை மாத்திரை தடுக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே மாத்திரை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள். "மூணு நாள் டைம் இருக்கே" என்று தள்ளிப்போடாதீர்கள். கருமுட்டை வெளிவருவதைத் தாமதப்படுத்துவதுதான் இதன் வேலை. முட்டை முந்திக்கொண்டால் மாத்திரையால் பெரிதாகப் பயனில்லை. அதனால் முதல் நாளே போடுவது நல்லது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இன்னொரு குழப்பம்: இதையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென்று நினைப்பது. பிள்ளைகள் மட்டுமல்ல, படித்த பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. கலைப்பதற்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால்; அவற்றை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. கவுண்டரில் கூச்சப்பட்டு "அந்த மாத்திரை" என்று கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கேளுங்கள், அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அவசரகாலக் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்புகளில் இதை வைப்பதே இல்லை. இரண்டு கடையில் இல்லையென்றால் மூன்றாவது கடைக்கு அலையாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மகப்பேறு மருத்துவரிடமோ போங்கள்.

பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போலீஸ் பயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தர வேண்டும் என்பது உண்மைதான். அதற்காகச் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். வற்புறுத்தல் நடந்திருந்தால் அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ சில வலிப்பு மருந்துகளோ சாப்பிடுபவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு மாத்திரை அந்த மாதம் முழுக்கக் காக்காது, அடுத்தடுத்த உறவுக்கு ஆணுறை வேண்டும். பால்வினை நோயையும் இது தடுக்காது. மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டார்கள். ஐந்து நாளுக்குள் போட்டால் மாத்திரையைவிட நன்றாகவே தடுக்கும். காப்பர் டி கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று அவளும், துணைக்கு வந்த தோழியும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள்.