பத்து மாதமாகியும் உட்காராத மகள்

9 மாதமளவில் பெரும்பாலான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காருவார்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் கூறியபோது, 10 மாதமாகியும் சரிந்து விழுந்துகொண்டிருந்த என் மகளை எண்ணிக் கலங்கினேன். "போகப்போகச் சரியாகும்" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலர் சொன்னார்கள், நான் காத்திருக்கவில்லை.

நுவரெலியாவில் அவளைப் பரிசோதித்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), தசைகள் சற்றுத் தளர்ந்திருப்பதையும், நான் கொழுந்தெடுக்கும் நேரமெல்லாம் அவள் ஏணையிலேயே மல்லாந்து கிடப்பதால் கழுத்துக்கும் முதுகுக்கும் போதிய பயிற்சி கிடைக்காததையும் விளக்கினார். அவர் காட்டியபடி, விழித்திருக்கும் வேளைகளில் சீமெந்துத் தரையின் குளிர் ஏறாதவாறு தடித்த கம்பளம் விரித்து, அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கண்ணெதிரே கிலுகிலுப்பையை ஆட்டினேன். முதலில் 2 நிமிடமே தாங்கினாள், அழுதால் உடனே தூக்கிவிடுவேன். மடியில் இருத்தும்போது இடுப்பை மட்டும் பிடித்தேன். பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஆயம்மாவும் பகலில் இதையே செய்தார், அந்த உதவியை மறக்கவே மாட்டேன்.

ஏழாம் வாரத்தில் தனியே உட்கார்ந்தாள். பயிற்சி இன்னும் தொடர்கிறது.