பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் எடையையும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கழற்றுவோர் செய்யும் தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு வட்டாரங்களில் 2008-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட ஸ்போர்ட்ஸ் பைக்குகளை இரண்டாம் கையாக வாங்கி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ ஓட்டிப் பார்க்கும் ஆசையில் ஸ்பானரைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பட்டறைக்கு அவர்கள் கொண்டுவரும் வண்டிகளைப் பார்த்தால், என் தலைமுறை செய்து முடித்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். போல்ட்டைத் தொலைப்பது, பெயின்ட்டைக் கீறுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாலை வண்டியையும் தட வண்டியையும் ஒன்றாக நினைப்பது

இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் கழற்றல் வேலைகள் பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும் வண்டிக்கானவை. ஆர்.சி.யில் பதிந்த வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றும் உரிமையாளருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. 2010-இல் பதிவான வண்டிக்கு 2025-இல் 15 ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டு நிறுத்த வேண்டும். அன்றைக்குப் புகைக் கருவிகளும் மட்கார்டும் இல்லாமல் நிற்பவர்கள், இரும்புக்கடைக்கு எடைக்குப் போட்டதை அதே இரும்புக்கடைகளில் தேடி அலைகிறார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் போல்ட்டுகளோடு பையில் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள்.

மூன்று துளைகளில் ஒன்றை மட்டும் அடைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் கூடுதல் காற்று செலுத்தும் அமைப்பு ஒன்று இருக்கும். யமஹாக்காரர்கள் ஏ.ஐ.எஸ். என்பார்கள், ஹோண்டாவும் சுசுகியும் பேர் (PAIR) என்பார்கள், வேலை ஒன்றுதான். ஏர் பாக்ஸில் வடிகட்டிய காற்றை ஒரு குழாய் வழியாக எடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ரீட் வால்வு வழியே சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் துவாரத்தில் விடும். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அந்தக் காற்றில் எரிந்து குறையும். எரிதல் முடிந்து வெளியேறும் வழியில்தான் இந்தக் காற்று சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சினின் இழுவையில் அது கை வைப்பதே இல்லை. ஆகவே அதைக் கழற்றினால் பவர் கூடும் என்பது வெறும் பேச்சு. மொத்தத்தையும் கழற்றித் தராசில் வைத்தால் அரைக் கிலோவைத் தாண்டுவதே அரிது.

பிறகு ஏன் கழற்றுகிறார்கள்? ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கிறது என்பதற்காக. ஆக்சிலரேட்டர் மூடியவுடன், எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் உறிஞ்சல், ஒரு மெல்லிய குழாய் வழியாக வால்வுக்குள் இருக்கும் டயாஃபிராம் என்ற மெல்லிய சவ்வை இழுத்து அந்தக் காற்றை நிறுத்த வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு ஆன டயாஃபிராம் கிழிந்திருந்தால் நிறுத்தாது, வெடிக்கும். சோதிப்பது எளிது: வால்விலிருந்து வரும் மெல்லிய குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு நாக்கால் மூடினால், குழாய் நாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்று தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் டயாஃபிராம் போய்விட்டது. வால்வை மாற்றினால் வெடிப்பு நிற்கும். எக்ஸாஸ்ட் வளைவின் கேஸ்கெட் ஊதுவதும் இதே சத்தத்தைத் தரும் என்பதால் அதையும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கழற்றியே தீருவேன் என்பவர் மூன்று துளைகளை அடைக்க வேண்டும்: ஹெட்டில் உள்ளது, ஏர் பாக்ஸில் உள்ளது, இன்டேக் மேனிஃபோல்டில் பித்தளை நிப்பிளாக நிற்பது. முதலாவதைச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தகடு வெட்டிப் போல்ட் போட்டு எல்லோரும் ஒழுங்காக அடைக்கிறார்கள். ஏர் பாக்ஸ் துளை ஃபில்டருக்கு அப்பால், தூய காற்றின் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை, திறந்தே விட்டுவிடுகிறார்கள். நிப்பிளையோ, கையில் கிடைத்த பிளாஸ்டிக் மூடியைச் செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் ஆவியிலும் அந்த மூடி சில மாதங்களில் வெடித்துக் கழன்றுவிடுகிறது.

சென்ற ஆண்டு பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, கார்புரேட்டர் வைத்த 220 சி.சி. வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணா, ஐட்லிங் தானா ஏறிட்டே போகுது, முன்னாடி பார்த்த மெக்கானிக் ஐட்லிங் ஸ்குருவைக் குறைச்சுக் குறைச்சுப் பார்த்துட்டார்" என்றார். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருந்தது. டேங்க்கைத் தூக்கிப் பார்த்தால் நிப்பிள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது; அதன் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அவர் அன்றாடம் வேலைக்குப் போவது கிரானைட் குவாரிச் சாலையில். ஃபில்டரைக் கடக்காமல், அந்தக் கல்தூள் நேராகச் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹெட்டைத் தூக்கியபோது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக விழுந்திருந்த கீறல்கள் நகத்தில் தட்டுப்பட்டன. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), புதிய பிஸ்டன், ரிங் செட் என்று செலவு வண்டியின் விலையில் கணிசமான பங்கைத் தின்றது. அவருக்காவது ரீபோர் செய்ய முடிந்தது. யமஹா ஆர்15-இன் டயாசில் சிலிண்டராக இருந்திருந்தால் அதற்கும் வழியில்லை, சிலிண்டரையே மாற்றியிருக்க வேண்டும்.

முதலில் பார்த்த பட்டறையில் ஐட்லிங் ஸ்குருவைத் திருகி நோயை மறைத்துவிட்டார்கள். ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் சத்தம் இறங்கத் தயங்கினால், முதலில் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் கசிவு இருக்கிறது. (பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சின் மேல் அதைச் செய்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.) நிப்பிளைக் கழற்றி, மரைக்கு ஏற்ற போல்ட்டைத் தாமிர வாஷரோடு இறுக்குவதே நிரந்தர அடைப்பு, அழுத்திப் பொருத்திய நிப்பிளாக இருந்தால் கெட்டியான ரப்பர் மூடியும் கிளிப்பும் போட்டு, ஆயில் மாற்றும்போதெல்லாம் தொட்டுப் பாருங்கள்.

பிரீதரைக் கீழே தொங்கவிடுவது

எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து ஏர் பாக்ஸுக்கு ஆவியைக் கொண்டுபோகும் பிரீதர் குழாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் ஒவ்வொன்றாகக் கசியும். அடைக்காமல் பின்சக்கரத்துக்கு முன்னால் தொங்கவிட்டால் ஆயில் டயரில் சொட்டும். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் அது எங்கே கொண்டுபோய்விடும் என்று விளக்கத் தேவையில்லை. குழாயை ஒரு சேகரிப்புக் குடுவையில் முடியுங்கள்.

டேங்க் காற்றுக் குழாயை அடைப்பது

பெட்ரோல் இருந்தும் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும், வண்டி ஓடும்.

கேட்டலிஸ்ட்டைக் கம்பியால் குத்துவது

எக்ஸாஸ்ட் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்டைக் குத்தி உடைக்க வேண்டாம். உடைந்த துண்டுகள் சைலன்சருக்குள் கிடந்து வழியை அடைக்கும்.

தராசு இல்லாமல் எடையைக் குறைப்பது

ஸ்டிக்கரையும் ஹாரனையும் கழற்றிவிட்டு வண்டி பறக்கிறது என்பவர்கள், கழற்றியதைக் காய்கறிக் கடைத் தராசிலாவது ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் எடை உண்மையில் இருப்பது சைலன்சரில், ஈய பேட்டரியில், சென்டர் ஸ்டாண்டில், பின்னிருக்கைக் கைப்பிடியில். லித்தியம் பேட்டரி போடுபவர்கள் அதற்கு முன் மீட்டரை வைத்துச் சார்ஜிங் வோல்ட்டேஜைப் பாருங்கள். வயதான ரெகுலேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டி அனுப்பினால் விலை உயர்ந்த பேட்டரி வீணாகும்.

பின் மட்கார்டைக் கழற்றினால் மழைக்காலச் சேறு முழுவதும் பின் ஷாக்கின் மேல் விழும். சேலை சிக்காமல் காக்கும் கார்டு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதிப்படி சாலை வண்டியில் இருந்தே ஆக வேண்டும். பின்னால் அம்மாவையோ அக்காவையோ ஏற்றும் வண்டியில் அதைக் கழற்றுபவரோடு எனக்குப் பேச்சில்லை.

பிரேக் போல்ட்டில் அலுமினியம்

கூடாது.

ஓசூரில் ஜெட் வைத்துவிட்டுக் கீழே இறங்குவது

சைலன்சரும் ஃபில்டரும் மாறிய கார்புரேட்டர் வண்டிக்கு, பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகான ஜெட்டையும் மாற்றியாக வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரிகிறது. எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் மறந்துபோகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட நானூறு மீட்டர் தாழ்வு. ஓசூரின் மெல்லிய காற்றுக்குப் பொருந்தும்படி அளவாக வைத்த ஜெட், கீழே அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் கலவையை மெலியச் செய்யும். இருங்காட்டுக்கோட்டை இன்னும் தாழ்வு, அங்கே முழு ஆக்சிலரேட்டரில் நீண்ட நேரம் ஓட்டுவதால் சூடும் கூடும். ஆகவே ஓசூரில் சரியாகத் தோன்றுவதைவிட ஒரு படி பெரிய மெயின் ஜெட்டோடு தடத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு சுற்று முடிந்ததும் முழு வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் அந்த ஜெட் இருக்கட்டும். வெளுத்திருந்தால் இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். கரி படிந்திருந்தால் மட்டுமே பழைய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.