போர் நேரத்துல தெரபி: "இவங்க யார் ஆளு?"ன்னு சந்தேகம் வர்றப்போ பண்ணக்கூடாத தப்புகள்

மனசுல என்ன வந்தாலும் மறைக்காம சொல்லணும், சைக்கோஅனாலிசிஸ்ல, அதாவது பேச்சு வழியா உள்மனசை ஆராயற தெரபில, அடிப்படை விதியே அதான். ஆனா ரெண்டாம் உலகப் போர் நேரம், 1940-ல பிரிட்டன்ல ஒட்டுன அரசாங்க போஸ்டர்லாம் எதிரி காதுல விழற மாதிரி வாயை விட்டா உயிர் போகும்னு மிரட்டுச்சு. இதுல தெரபிஸ்ட்டுங்கள்ல நிறைய பேர் வியன்னா, பெர்லின்ல இருந்து தப்பிச்சு வந்தவங்க வேற, எதிரி நாட்டவர்னு ரெக்கார்டுல இருக்கறவங்க. அரசாங்க விசாரணைக் குழுங்க (டிரிப்யூனல்) இப்படிப்பட்ட 73,000 பேரு கிட்ட விசாரிச்சு, எவ்ளோ ஆபத்துன்னு பாத்து ஏ, பி, சின்னு பிரிச்சப்போ முக்கால்வாசிக்கு மேல ஆபத்தில்லாத சி தான், ஆனா ஃபிரான்ஸ் ஜெர்மனிகிட்ட விழற நேரம் வந்ததும் அதுலயும் ஆயிரக்கணக்கான ஆம்பளைங்களைப் பிடிச்சு ஐல் ஆஃப் மேன் தீவுல கேம்ப்ல போட்டாங்க.

முதல் தப்பு, சந்தேகத்தை உடனே அணைக்கப் பாக்கறது. 1941-ல ஸ்காட்லாந்து பிட்லோக்ரில குழந்தைங்க சைக்கோஅனாலிஸ்ட் மெலனி க்ளைன் ஒரு பத்து வயசுப் பையனுக்கு தெரபி பண்ணாங்க, ரிச்சர்ட்னு புனைபேர், மொத்தம் 93 செஷன். தினம் மூணு பேப்பர் படிப்பான், ரேடியோ நியூஸ் ஒண்ணு விடமாட்டான். வந்த உடனே ஹிட்லர் பேச்சு, அவன் ஆஸ்திரியாக்காரனா இருந்துட்டே ஆஸ்திரியாவை அந்தப் பாடு படுத்தினானேன்னு. எதிர்ல உக்காந்திருக்கற க்ளைனும் வியன்னால பிறந்தவங்கதான்! 1934-லயே பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியாச்சு, அதைச் சொல்லி வாயை அடைச்சிருக்கலாம், ஆனா அந்த பயம் தன்மேலயும்தான்னு எடுத்துப் பேசினாங்க. "நான் அப்படி இல்லப்பா, நம்பு"ன்னு சொன்னா சந்தேகம் எங்கயும் போகாது, அடுத்த தடவை உங்ககிட்ட சொல்லாம வச்சுப்பான், அவ்ளோதான்.

அதே க்ளைன்கிட்டதான் ரெண்டாவது தப்பும் இருக்குன்னு எனக்குத் தோணும், பையன் பேச்சுல குண்டு, கப்பல், ஹிட்லர் எது வந்தாலும் அவங்க விளக்கம் கடைசில அவனோட அப்பா அம்மாகிட்ட போய் முடியும். விளக்கம் சரியாவே இருக்கட்டும், ஆனா ரிச்சர்ட் குடும்பத்தோட பழைய வீட்டுப் பக்கம் நிஜமாவே குண்டு விழுந்துச்சே, அந்த பயத்துக்கும் செஷன்ல கொஞ்சம் இடம் வேணும்ல.

உள்மனசை விட்டுட்டு வெறும் போரை மட்டும் பேசறதும் உதவாது. லண்டன் ஹாம்ஸ்டெட்ல, சிக்மண்ட் ஃப்ராய்டோட பொண்ணு அன்னா ஃப்ராய்டு நடத்தின போர்க்கால நர்சரில, குண்டுச் சத்தத்தை விட அம்மாவைப் பிரிஞ்சதுதான் பல குழந்தைங்களை அதிகமா உலுக்குச்சு.

இன்னொண்ணு, தெரபிஸ்ட் தனக்குப் பயமே இல்லாத மாதிரி உக்காந்திருக்கறது. பிரிட்டிஷ் சைக்கோஅனாலிஸ்ட்டுங்களோட சொசைட்டி மீட்டிங்ல எல்லாரும் தியரி சண்டைல இருந்தப்போ, அவங்கள்ல ஒருத்தரான வின்னிகாட் எழுந்து வெளில ஏர் ரெய்டு நடக்குதுன்னு ஞாபகப்படுத்தினாராம். சைரன் அடிச்சா எங்க போறது, மிச்ச நேரம் என்ன ஆகும், ஊருக்குப் போனா எப்போ திரும்புவீங்க, இதெல்லாம் முன்னாடியே பேசி வைங்க. க்ளைன் நடுவுல கொஞ்ச நாள் லண்டன் போனப்போ, அங்க குண்டு விழுந்து செத்துடுவாங்களோன்னு ரிச்சர்ட் பயந்தான், யார்மேல சந்தேகப்பட்டானோ அவங்களுக்காகவே.