விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்? மனக்கணக்கு போதும்

வான்வழி தூரத்தில் 100 கி.மீ.க்கு ஏழரை நிமிடம் போட்டு, கடைசியில் 30 நிமிடம் கூட்டுங்கள். சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ.: 132 நிமிடம், கூட 30, ஆக 2 மணி 42 நிமிடம். டிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருப்பார்கள்.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 800 கி.மீ. போகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறி இறங்குவதும்தான் அந்த அரை மணி. சாலை தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், டெல்லிக்கு அது 2,000 கி.மீ.யைத் தாண்டும்.

ஏடிஆர் மாதிரி விசிறி விமானத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதன் வேகம் 500 கி.மீ.தான். லண்டன் போன்ற நெடும்பயணத்தில் எதிர்காற்றால் போகும் நேரம் கூடும். சிங்கப்பூர் டிக்கெட்டில் இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

வீட்டிலிருந்து கிளம்பும் கணக்கு தனி. எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் விம்கோ நகரில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால், மாறாமலே சுமார் ஒரு மணி நேரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். விடியற்காலை விமானத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம். முதல் ரயிலே 5 மணி வாக்கில்தான்.