குளோ த வூஜோ: மதிலை நம்பி வாங்காதீர்கள்

பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டிக்குப் புதிதாக வருகிறவர்களை, குளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒயின் பழகத் தொடங்கிய காலத்தில் நான் அடித்த கூத்துகளையே இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். கொடியில் பழம் பறிக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மாளிகையின் ஒயினைத் தேடுவது

தோட்டத்தின் மேற்பக்கம் நிற்கும் அந்த மாளிகை, சித்தோ மடத்துத் துறவிகளின் பழைய ஒயின் கூடத்தை ஒட்டி 1551-ல் எழுந்தது. இன்று அங்கே ஒயின் தயாரிப்பதில்லை. 1944 முதல் ஷெவாலியே து தஸ்த்வான் என்ற ஒயின் சங்கத்தின் கையில் இருக்கிறது. உள்ளே போனால் திராட்சை பிழியும் பிரமாண்டமான மர ஆலைகளைப் பாருங்கள், அதுவே நுழைவுக் கட்டணத்துக்குத் தகும். அதே மதிலுக்குள் ‘ஷாத்தோ த லா தூர்’ என்று இன்னொன்றும் உண்டு. அது ஒயின் தயாரிக்கும் பண்ணை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதிலுக்குள் இருப்பதெல்லாம் ஒன்று என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள். அங்கே 1855 தரவரிசை பண்ணைகளின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. பர்கண்டியில் தரம் நிலத்துக்கு. குளோ த வூஜோவின் ஏறக்குறைய 50 ஹெக்டேரும் இன்று 80 பேர் அளவில் பங்காளிகளிடம் சிதறிக் கிடக்கிறது.

துறவிகள் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நிலம் இது. மதில் 1336 வாக்கில் முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறித்து விற்றது. 1889-ல்தான் பலருக்குப் பிரித்து விற்றார்கள். பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற வாரிசுச் சட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம்.

பங்காளிகள் அதிகம் என்பதைக்கூட விட்டுவிடலாம். மண்ணே ஒன்றல்ல. மேலே மாளிகைப் பக்கம் ஆழமில்லாத சுண்ணாம்புக்கல் மண், மழைநீர் நிற்காது. மேல் முனை மியூசிஞி, கிராண்ட் எஷெசோ என்ற பேர்போன தோட்டங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கீழே நெடுஞ்சாலையோரம் ஈரம் வடியாத கனத்த களிமண். பக்கத்து வோன்-ரொமானேயில் இப்படிச் சாலையோரம் கிடக்கும் நிலத்துக்கு வெறும் ஊர்ப்பெயர்த் தரம்தான். இங்கேயோ 1937-ல் சட்டப்படி எல்லை குறித்தபோது மதிலையே எல்லையாக்கிவிட்டார்கள். ஆக, அடிநிலத்துக் களிமண்ணும் கிராண்ட் க்ரூ, அதாவது பர்கண்டியின் உச்சத் தரம். துறவிகள் மேல்நிலத்து ஒயினைப் போப்பாண்டவருக்கும், நடுநிலத்ததை ஆயர்களுக்கும், அடிநிலத்ததைத் தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, சரிவு நிஜம்.

என்னோடு வந்த நண்பர் ஒருவர், நான் போன் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில், சுற்றுலாக் கடை ஒன்றில் ஒரு பெட்டியே வாங்கிவிட்டார். லேபிளில் மாளிகைப் படம். பாட்டில் ஒன்று நூறு யூரோவுக்கு மேல்.

“யார் தயாரிச்சது?” என்றேன்.

“குளோ த வூஜோங்க. கிராண்ட் க்ரூன்னு போட்டிருக்கு பாருங்க.”

அன்றிரவே ஒன்றைத் திறந்தோம். நிறம் இருந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. அந்தப் பணத்துக்குப் பக்கத்து ஊர் ஷாம்போல்-மியூசிஞியில் கைதேர்ந்த ஒருவரின் பிரெமியே க்ரூ, அதாவது கிராண்ட் க்ரூவுக்கு அடுத்த தரத்து ஒயின், கிடைத்திருக்கும்.

முதலில் தயாரிப்பாளர் யாரென்று பாருங்கள். பிறகு, அவருடைய துண்டு மதிலுக்குள் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ‘லு கிராண்ட் மோபெர்த்துயி’ போலத் துண்டின் பெயரையே லேபிளில் போடுகிறவர்களும் உண்டு, அது மேல்நிலம். அதற்காக மேலே இருப்பதெல்லாம் உசத்தி என்று கிளம்பிவிடாதீர்கள். கீழே கவனமாக உழைப்பவர், மேலே கொடியில் அளவுக்கு மீறிக் காய்க்க விடுபவரைத் தோற்கடிப்பார். துண்டு எங்கே என்று கடைக்காரருக்கே தெரியவில்லையா? பணப்பையை மூடுங்கள்.

‘வூஜோ’ என்று மட்டும் எழுதிய பாட்டில்

அது ஊர். தோட்டம் அல்ல.

வெள்ளை கேட்பது

இந்த கிராண்ட் க்ரூ சிவப்பு மட்டும்தான், பினோ நுவார் திராட்சையில் செய்வது. ‘குளோ பிளாங் த வூஜோ’ மதிலுக்கு வெளியே, பிரெமியே க்ரூ.

வாங்கிய வாரமே திறப்பது

பத்து வருடம் விடுங்கள். முடியாதென்றால் வேறு ஒயின் வாங்குங்கள்.

நவம்பரில் திட்டமில்லாமல் வருவது

மூன்றாவது ஞாயிறு போன் (Beaune) நகரத்தில் ஓஸ்பீஸ் மருத்துவமனையின் ஒயின் ஏலம். முந்தின நாள் இரவு மாளிகையில் சங்கத்தின் பெருவிருந்து. அந்த வாரக்கடைசியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. அக்டோபர் முடிவில் வாருங்கள்: அறுவடை முடிந்திருக்கும், இலைகள் மஞ்சளாகியிருக்கும், தயாரிப்பாளர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.