பாய்மரப் படகுப் பந்தய விருந்தினரைக் காப்பாரில் தங்கவைப்பது எப்படி?

நவம்பர் மாதத்தில் நடைபெறும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலக ரெகட்டா 1990இல் தொடங்கப்பட்ட போட்டி. கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் ராயல் சிலாங்கூர் யாட் கிளப் அதை நடத்துகிறது. ஒரு வாரம் நீளும் இந்தப் பந்தயத்தில் கீல் படகுகள், அதாவது அடியில் கனத்த ஈயமோ இரும்போ பொருத்திய ஆழமான தண்டு கொண்ட பாய்மரப் படகுகள், கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பங்கோரிலும் பினாங்கிலும் நின்று, லங்காவியில் போய் முடிக்கின்றன. தொடக்க நாளுக்குச் சற்று முன்னதாகவே வெளிநாட்டுக் குழுக்கள் வந்து சேர்ந்துவிடும். துறைமுகத்துக்கு வடக்கே செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் காப்பாரில் அவர்களுக்கு அறை கொடுக்க விரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, வரும் விருந்தினரின் நாள் கடல்நீரின் ஏற்றவற்றத்தை ஒட்டி நகரும் என்பதுதான். கிள்ளான் கடற்பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல்மட்டம் ஏறக்குறைய நான்கு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கீல் ஆழமாக இறங்கியிருப்பதால், இந்தப் படகுகள் நீர் வற்றிய நேரத்தில் சேற்றுத் திட்டுகளின் பக்கம் போக முடியாது. போதாக்குறைக்கு, மலாக்கா நீரிணையில் கடல் ஏறும்போது நீரோட்டம் தென்கிழக்காகவும், வற்றும்போது வடமேற்காகவும் ஓடுகிறது. வடக்கே பங்கோருக்குப் போகிறவர்களுக்கு வற்று நீரோட்டம் துணை, ஏற்று நீரோட்டம் எதிரி. காற்று விழுந்த வேளையில் பின்னோக்கி இழுத்துச் செல்லப்படாமல் இருக்க, பந்தயத்தின் நடுவிலேயே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் படகுகளும் உண்டு. ஆகவே, கடற்படை வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையில் அந்த வாரத்துக்குரிய பக்கத்தை எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீர் உயரும் நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும் என்பதால், நேற்று காலை ஏழு மணிக்குப் பசியாறியவர்கள் இன்றும் ஏழு மணிக்கே வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் வீடுகளில் விருந்தாளி போதும் போதும் என்று கையால் இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி வைப்பதுதான் வழக்கம். இந்த விருந்தினருக்கு அந்த அன்பு, உறங்கவிடுவதில் வெளிப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடலில் இறங்கிய பிறகு குழு இரண்டாகப் பிரிந்து, மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறிக் காவல் இருப்பார்கள்; அதற்கு முன் தரையில் கிடைக்கும் தூக்கம்தான் அவர்களுக்குச் சேமிப்பு. அறையில் மின்விசிறியும் கனத்த திரையும் இருக்கட்டும். பின்கட்டில் சேவல் இருந்தால் சாலைப் பக்கத்து அறையைக் கொடுங்கள். விடியற்காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் சாலை என்றால் பின்கட்டையே கொடுங்கள். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேண்டாம். எண்ணெயும் காரமும் மிகுந்த உணவு கடல் குமட்டலைக் கூட்டும். ரசம், சோறு, பருப்பு, அவித்த முட்டை போதும்.

படகில் கொண்டுபோகும் உணவில்தான் நம் கைப்பக்குவம் உண்மையில் பயன்படுகிறது. பங்கோர் வரை சுமார் 90 கடல் மைல். சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் வேகம் என்றால் 18 மணி நேரம். காற்றில்லாத இரவில் அதற்கும் மேல். இந்த நேரம் முழுவதும் வெப்பத்தில் கெடாமலும், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உண்ணத்தக்கதாகவும் இருப்பதே நல்ல உணவு. நாசி லெமாக் எல்லாருக்கும் பிடிக்கும் என்றாலும், தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு இந்த வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்பதால் அதை வீட்டிலேயே பரிமாறிவிடுங்கள். புளிச்சோறு அப்படியல்ல. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரியும் வரை கொதிக்கவிட்டு, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவைத்துப் பிறகு கிளறினால், காலையில் கட்டியது இரவுக் காவலுக்கும் தாங்கும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி அதுவும் கெடும். உருளைக்கிழங்குப் பொரியலைச் சப்பாத்திக்குள் வைத்து இறுக்கமாகச் சுருட்டி, ஆளுக்கு இரண்டாகத் தாளில் பொதிந்து தரலாம். தீபாவளி முடிந்து அதிக நாள் ஆகியிருக்காது. டின்னில் மிச்சமிருக்கும் முறுக்கை நெகிழிப் பைகளில் சிறிது சிறிதாகப் பிரித்துக் கட்டினால் நள்ளிரவில் அதைவிடச் சிறந்த துணை கிடையாது. இஞ்சி மிட்டாயும் சேர்த்து வையுங்கள். கண்ணாடிப் புட்டி எதையும் வைக்காதீர்கள்.

வாழைப்பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாழைப்பழம் படகுக்கு ஆகாது என்ற நம்பிக்கை கடலோடிகளிடம் நெடுங்காலமாக இருக்கிறது, இன்றும் அதைக் கடைப்பிடிக்கும் குழுக்கள் உண்டு. நமக்கோ அது மங்கலப் பொருள். வழியனுப்பும்போது ஒரு சீப்பைக் கையில் கொடுக்கத் தோன்றும். கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் கொய்யாவோ ஆரஞ்சோ கொடுங்கள். நம் சகுனங்களை மற்றவர் மதிக்க வேண்டும் என்று விரும்பும் நாம் அவர்களுடையதையும் மதிப்பதே முறை.

குடிநீரை ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஒன்றரை லிட்டர் போத்தல்களில் பாதியை வாய்வரை நிரப்பாமல் முந்தைய நாளே உறையவைத்தால், முதலில் குளிர்பெட்டிக்குப் பனிக்கட்டியாகவும் பிறகு குடிக்கவும் ஆகும். கூடுதலாக ஐஸ் வேண்டுமானால் மீன் இறங்குதுறையில் விற்கும் பெரிய பாளத்தையே வாங்குங்கள், சில்லுகளைவிட அது மெதுவாகவே கரையும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வரும் வாரமாக இருந்தால் தொட்டியையும் பீப்பாய்களையும் முன்கூட்டியே நிரப்பிவையுங்கள்.

ஏனெனில் பயிற்சி ஓட்டம் முடிந்து திரும்புகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தேடுவது நல்ல தண்ணீரைத்தான். உப்பேறிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், வெறுமனே கொடியில் போட்டால் காய்ந்ததுபோல் காய்ந்து இரவில் மறுபடி நசநசக்கும். சோப்புப் போடுவதற்கு முன் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். பிற்பகலில் இடியும் மழையும் வரும் பருவம் என்பதால் கொடியைத் தாழ்வாரத்துக்குள் கட்டுங்கள். மழைச்சட்டைகளை வெயிலில் காயவைக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள்.

அந்தத் துணிக் குவியலில் கழுத்தைச் சுற்றி அணியும், பட்டையான, சிவப்பு அல்லது கறுப்பு நிற உயிர்காப்பு அங்கி இருந்தால் அதை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அதற்குள் மடித்து வைத்த காற்றுப்பையும், கரியமில வாயு அடைத்த விரல் நீள உருளையும் இருக்கின்றன. பல வகைகளில், தண்ணீர் பட்டதும் கரையும் ஒரு சிறு வில்லைதான் அந்த வாயுவைத் திறந்துவிடும் விசையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. சலவை இயந்திரத்தில் போட்டாலோ, குழாய்த் தண்ணீரை ஓங்கி அடித்தாலோ அது படீரென்று ஊதிப் பெருத்துவிடும். அதே அளவுள்ள உருளையையும் வில்லையையும் பந்தயத்துக்கு முந்தைய நாள் காப்பாரில் தேடிப் பிடிக்க முடியாது. பாதுகாப்புச் சோதனையில் தேறாத அங்கியோடு போட்டியில் இறங்கவும் முடியாது. உரிமையாளரே விசையைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளட்டும்.

காலணி விஷயமும் இதுபோன்றதே. படகில் அணியும் காலணியைத் தோட்டத்துச் சாலையில் போட்டு நடந்தால் அடியில் ஒட்டும் மணலும் சரளையும் படகின் மேல்தளத்தையும் பாயையும் கீறும். அதைப் பையிலேயே வைத்திருந்து, படகுத்துறையில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

படகின் பாய்த்துணியை மடிக்க இடம் கேட்பார்கள். அதற்கு பாலாய் ராயா மண்டபத்தைக் கிராமத் தலைவரிடம் சொல்லி முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. தரையைக் கூட்டி ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்ட பின்பே பாயை உள்ளே கொண்டுவர வேண்டும். இரு முனைகளிலும் ஆளுக்கு ஒருவர் நின்று, அடிப்பக்கத்திலிருந்து தொடங்கிச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் முன்னும் பின்னுமாகச் சீராக மடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் உதவலாம், ஆனால் வெறுங்காலோடு, பாயை மிதிக்காமல். தரையில் இழுக்கவே கூடாது.

மது, புகை, மாட்டிறைச்சி, பூசையறை ஆகியவற்றில் வீட்டின் விதி என்னவோ அதை முதல் நாளே சிரித்த முகத்துடன் சொல்லிவிடுங்கள். துணி துவைக்க, வேனில் அழைத்துப் போக எத்தனை வெள்ளி என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். வெளிநாட்டினர் பெரும்பாலோர் நாட்டுக்குள் வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்பதை வரும் முன்பே நினைவூட்டுங்கள்.

பந்தயப் படகில் எடை கூடினால் வேகம் குறையும் என்பதால், பெரிய பைகளைத் தரைவழியே அனுப்புவார்கள். உங்களிடம் வேன் இருந்தால் இதுவும் நல்ல வேலை. ஒவ்வொரு பையிலும் படகின் பெயரையும் அதன் பாய்த்துணியில் இருக்கும் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். கடப்பிதழும் மருந்தும் பையில் போகாமல் அவரவரிடமே இருக்கட்டும். கூட்டரசு நெடுஞ்சாலை 5 வழியாகக் கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், சித்தியவான் கடந்து, பங்கோர்த் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் லுமுட் போய்ச்சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வேகமான படகுகள் விடியும் முன்பே பங்கோரை அடைந்துவிடலாம், ஆகவே தொடக்க நாள் இரவே புறப்படுவது பாதுகாப்பு.

லங்காவியில் போட்டி முடிந்ததும் பலர் அங்கிருந்தே விமானம் ஏறிவிடுவார்கள், காப்பாருக்குத் திரும்பமாட்டார்கள். ஆகையால் தொடக்க நாள் காலையில், அவர்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வேன் கிளம்பும் முன், தாழ்வாரக் கொடி, குளியலறைக் கொக்கி, கட்டிலின் அடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்த மருந்து, சுவரில் செருகிய மின்னேற்றி ஆகிய ஐந்தையும் அவர்களோடு சேர்ந்தே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.