கூலன்ட் வெப்பநிலை சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, எஞ்சின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுழல்வது, மைலேஜ் திடீரென்று குறைவது ஆகியவை சேர்ந்து வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் மீது சந்தேகம் கொள்ளலாம். ஆனால் சந்தேகம் வந்த மறுநாளே புதிய சென்சார் வாங்க வேண்டியதில்லை. எனது வண்டியில் அப்படி வாங்கிப் பொருத்திய பிறகும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பின்னில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது.

முதலில் சென்சாரை அடையாளம் காண வேண்டும். பெரும்பாலும் இது சிலிண்டர் ஹெட்டிலிருந்து கூலன்ட் வெளியேறும் இடத்திலோ தெர்மோஸ்டாட் பெட்டியின் அருகிலோ திருகப்பட்டிருக்கும். ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, தகவல் தரும் சென்சாருக்கு வழக்கமாக இரண்டு ஒயர்கள் உண்டு. பழைய வண்டிகளில் அதன் பக்கத்திலேயே ஒற்றை ஒயருடன் இருப்பது டேஷ்போர்டு முள்ளுக்கான தனி சென்சார். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இதற்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். ஈசியூ அனுப்பும் 5 வோல்ட், சென்சாரின் தடைக்கேற்ப எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே வெப்பநிலை கணிக்கப்படுகிறது. ஆகவே ஒயர் அறுந்தால் ஈசியூ எஞ்சின் உறைகுளிரில் இருப்பதாக எண்ணும். ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரியும் பி0118 என்ற குறியீடும் தெரியும். ஷார்ட் ஆனால் பி0117 வரும்.

சோதனையை, இரவு முழுவதும் நின்ற வண்டியில் தொடங்குங்கள். ஸ்கேனர் இருந்தால், எஞ்சினை இயக்கும் முன் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து, சாவியை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி, பின்கள் வளைந்துள்ளனவா, களிம்பு உள்ளதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒயர் பக்கத்து இரு பின்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 5 வோல்ட் காட்ட வேண்டும். கனெக்டர் கழன்றிருப்பதால், பாதுகாப்புக்காக ஈசியூ ஃபேனைச் சட்டென்று சுழல வைக்கலாம். கையை விலக்கி வைத்திருங்கள். 5 வோல்ட் வரவில்லையென்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம், கோளாறு ஒயரிலோ ஈசியூவிலோ இருக்கிறது.

வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் சென்சாரைக் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். சென்சாரின் நுனி மட்டும் மூழ்குமாறு, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சமையல் தெர்மாமீட்டருடன் மெதுவாகச் சூடாக்குங்கள். சென்சாரின் பின்களுக்கிடையே மல்டிமீட்டரில் தடையை அளந்தால், பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 டிகிரியில் 300 ஓம் அளவும் கிடைக்கும். துல்லியமான அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். குறிப்பிட்ட அளவைவிட முக்கியமானது தடை இறங்கும் விதம். நடுவில் திடீரென்று தாவினாலோ, தடை முடிவிலியாக நின்றாலோ சென்சார் பழுது.

புதியதைப் பொருத்தும்போது வாஷரையும் மாற்றுங்கள். ஒற்றை ஒயர் சென்சாரில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், ஏனெனில் அதன் எர்த் திருகுமரை வழியாகத்தான் கிடைக்கிறது. கடைசியாகக் கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். சென்சாரின் நுனியில் காற்றுக்குமிழி நின்றால் நல்ல சென்சாரும் தவறான அளவையே சொல்லும்.